கோல் கணக்கில் வராதவர்கள்

பாடசாலை உதைபந்தாட்ட அணியில் அதிக கோல் அடித்தவர் யார் என்று சொல்வதற்கு ஒரு பயிற்றுநர் தேவையில்லை. மைதானத்து மதிலில் ஏறியிருந்து பார்த்த எந்தப் பொடியனும் சொல்லிவிடுவான். ஆனாலும் ஆண்டு முடிவில் பரிசளிப்பு மேடையில் 'சிறந்த வீரர்' என்று பெயர் வாசிக்கப்படுகிறவன் பெரும்பாலும் அவனாகத்தான் இருக்கிறான். ஊருக்குத் தெரிந்ததைக் கிண்ணத்தில் பொறித்து ஊருக்கே திருப்பிக் காட்டுவதற்கு, ஒரு பருவம் முழுக்க வெயிலில் நின்று பார்த்த மனிதரின் தீர்ப்பு எதற்கு? நெடுநாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

திருகோணமலையில் உதைபந்து பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மெக்கெய்சர் அரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஒரு ஆட்டம் என்றால் தெருவே அங்கு போய்விடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் பிள்ளைகள் பந்தோடுதான் வளர்கிறார்கள். நகரத்துக் கல்லூரிகளின் அணிகளில் நகரத்துப் பிள்ளைகள் மட்டும் இல்லை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும், கண்டி வீதியில் கப்பல்துறைப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஏறி, அதிர்ஷ்டமும் கால்களும் ஒத்துழைத்தால் தேசிய மட்டம் வரை போகலாம். அந்த ஏணியில் எந்தப் படியில் நின்றாலும், ஆண்டு முடிவில் தன் பாடசாலை தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்பதற்காக ஒரு பிள்ளை காத்திருக்கிறான். 'சேர் என்ன நினைக்கிறார்' என்பது பதினேழு வயதில் மிகப் பெரிய கேள்வி. வீட்டில் அப்பா என்ன நினைக்கிறார் என்பதைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம்.

சேருக்கு மட்டும் தெரிந்தவை பல உண்டு. எதிரணி கோர்னர் எடுக்கும்போது இடது பின்கள வீரன் யாரைப் பார்த்து நகர்ந்தான் என்பது பார்வையாளருக்குத் தெரியாது. அந்த நகர்வால் விழாமல் போன கோல் எந்தக் கணக்கிலும் ஏறாது. விழாத கோலுக்கு யார் கைதட்டுவார்? ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசும். உயரே வரும் பந்து காற்றில் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்பது நிமிடம் நிற்கும் பந்துக்காப்பாளனின் பாடு மாலைப் பத்திரிகைச் செய்தியில் வராது. பருவம் முழுவதும் மாற்று வீரனாகவே இருந்துவிட்டு, பயிற்சியில் மட்டும் முதல் பதினொருவருக்கு எதிராக நின்று அவர்களைக் கூர்மையாக்கிய பையன் ஒருவனும் ஒவ்வொரு அணியிலும் இருப்பான். அவனைப் பார்த்தவர் பயிற்றுநர் ஒருவரே.

பயிற்றுநரின் விருதுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இங்கிருந்துதான் வரவேண்டும் என்பது என் எண்ணம். புள்ளிப் பலகை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அது செய்யாத வேலையைச் செய்யத்தான் ஒரு கண் தேவைப்படுகிறது.

நம் பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் வளையத்துக்குள் பந்தைப் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. மற்ற ஐந்து பேரும் உலகத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரிகளாக இருந்தாலும் ஒரு கோல்கூட அடிக்க முடியாது. விதி இடம் கொடாது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இருந்தார். இரண்டு மீற்றரைத் தாண்டிய அவரது உயரமும், பந்தை வளையத்துக்குள் வைக்கும் அந்த நிதானமும் உலகறிந்தவை. அந்தப் புகழில் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் எதிரணியின் கைகளைத் தாண்டி, அவரது விரல் நுனிக்கு மட்டும் எட்டும் உயரத்தில், சரியான நொடியில் பந்தை அனுப்பிய நடுக்களப் பெண்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? தர்ஜினியே அவர்களின் பெயர்களை மறக்கமாட்டார். மறக்கிறது நாம்தான். ஒரு பாடசாலை வலைப்பந்தாட்ட ஆசிரியை 'சிறந்த வீராங்கனை'யைத் தேர்ந்தெடுக்கும்போது கோல்களை எண்ணத் தொடங்கினால், ஏழில் ஐந்து பிள்ளைகளைப் பருவம் தொடங்குமுன்பே கழித்துவிட்டார் என்று பொருள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபுட்போல்' என்றால் அது வேறு ஆட்டம். கையால் பிடித்து ஓடி, மோதி, எறிந்து ஆடுவது. அங்கும் இதே சங்கடம் வந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் 1968இல் வூடி ஹேய்ஸ் பயிற்றுநராக இருந்த காலத்தில், நன்றாக ஆடியவரின் தலைக்கவசத்தில் ஒரு சிறிய இலைச் சின்னம் ஒட்டும் வழக்கம் தொடங்கியது. பருவம் முடியும்போது சிலரின் கவசம் இலைகளால் மூடியிருக்கும். ஆனால் அந்த ஆட்டத்தில் முன்வரிசையில் நின்று எதிரணியை மறிக்கும் ஐந்து பேருக்கு, முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூடப் பொதுவாகக் கிடையாது. பந்தைத் தொடாதவனுக்கு எதைப் பார்த்து இலை ஒட்டுவது? 2001இல் பொறுப்பேற்ற ஜிம் டிரெஸல் முறையை மாற்றினார். அணி வென்றால் எல்லோருக்கும் இலை. ஒரு பிரிவு தனக்கு வைத்த இலக்கை எட்டினால் அந்தப் பிரிவு முழுவதற்கும் இலை. முன்வரிசைக்காரனின் கவசமும் நிறையத் தொடங்கியது.

அந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது, இலக்கு ஆட்டத்துக்கு முன்பே சொல்லப்பட்டது என்பது. எதற்காக இலை கிடைக்கும் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். பிடிக்காததும் ஒன்று உண்டு. எல்லோருக்கும் கிடைக்கிற சின்னம் ஒருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. பதினேழு வயதுப் பையனுக்கு ஒருமுறையாவது தன் பெயர் தனியாக ஒலிக்க வேண்டும்.

எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதே நியாயம் என்று நினைப்பவர்களுக்கு நம்மிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி அள்ளி அள்ளிக் கொடுப்பவன். நாலா திசையிலிருந்தும் வருகிற பரிசிலர் எல்லோருக்கும் கொடுப்பான். அவனிடம் கபிலர் சொன்னது புறநானூற்றின் 121ஆம் பாட்டாக இருக்கிறது. கொடுப்பது உனக்கு எளிது, யார் எந்தத் தரத்தினர் என்று அறிவதுதான் கடினம், ஆகவே புலவர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை நிறுத்து என்கிறார். இதைச் சொன்னவரும் பரிசில் பெறுகிற புலவர்தானே, தனக்கு அதிகம் கேட்கிறார் என்று வாசிக்க இடம் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. வாங்குகிற இடத்தில் இருந்துகொண்டு, கொடுக்கிறவனின் உழைப்பு எங்கே இருக்கிறது என்று அவர் காட்டுகிறார். பொருள் கருவூலத்திலிருந்து வருகிறது. அதற்கு உழைப்பு வேண்டாம். அறிவதற்கு ஒவ்வொருவரின் பாட்டையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அதே நூலின் 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிக் குன்றும் மலையும் கடந்து வந்திருக்கிறார். அவன் அவரை நேரில் பார்க்காமலே, இதைக் கொண்டு போகட்டும் என்று பொருளை அனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். பார்க்காமல் தருவதை வாங்கிப் போக நான் வணிகன் அல்லன். என் தரத்தை அறிந்து தருவதானால் தினை அளவு தந்தாலும் போதும் என்பது அவர் நிலை. பசியோடு வந்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பாடசாலை மேடைகளில் ஆண்டுதோறும் நடப்பது அதியமான் செய்ததுதான். பெயர்ப்பட்டியல் எங்கோ தயாராகிறது. பிரதம விருந்தினர் கிண்ணத்தை நீட்டுகிறார். பிள்ளை வாங்குகிறான், படம் எடுக்கப்படுகிறது. எதற்காகத் தனக்குக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. எதற்காகத் தனக்குக் கிடைக்கவில்லை என்று கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊர் தன் காரணத்தைக் கொண்டுவந்து நிரப்பும்: 'ஜேர்சி வாங்கிக் கொடுத்தவரின்ர மகன்தானே', 'சேரின்ர ஊர்ப் பொடியன்', 'பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஆரோ கதைச்சிருப்பினம்.' சில வேளைகளில் ஊர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். பயிற்றுநருக்கு மட்டும் தெரிந்ததை அவர் மட்டுமே திரிக்கவும் முடியும் என்பதால் இந்தச் சந்தேகத்தைக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியாது. கோல் எண்ணிக்கையைப் பார்த்துக் கிண்ணம் கொடுக்கும் ஆசிரியர்கள் பலர் இந்தப் பழிக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள். இலக்கத்தைக் கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுப்பது பின்களத்தில் நிற்கிற பிள்ளை.

கோலைவிட்டு வேறு அளவுகோலுக்குப் போகிறவர்கள் முதலில் எடுப்பது பயிற்சி வரவு. இத்தனை நாள் வந்தால்தான் வர்ண விருது என்று ஒரு விதி. பார்க்க நேர்மையான விதிதான். எல்லோருக்கும் ஒன்று. ஆனால் பாடசாலை சீசன் டிக்கெட் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும். மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு இருக்கிறவன் ஆறரை மணி வரை நின்று பெனால்டி உதைத்துப் பழகலாம். கப்பல்துறைக்குப் போகிறவன் சீசன் செல்லுகிற பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கே பூட்ஸைக் கழற்ற வேண்டும், அல்லது கையில் காசு இருந்தால் தனியார் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கரைவலைக் காலத்தில் விடியுமுன் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வகுப்புக்கு வருகிற கடற்கரைப் பிள்ளை, மாலையில் பயிற்சிக்கு நிற்காமல் போனால் அது சோம்பல் அல்ல. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவர்களின் தாமதத்தை எந்த வரவுப் பதிவேடும் விளக்கியதில்லை. அந்தத் தலைமுறையில் பயிற்சிக்கு ஒழுங்கில்லாதவன் என்று பெயர் எடுத்தவர்களில் பலர் சுற்றி வந்த தூரத்தை அளந்திருந்தால், அணியில் அதிகம் ஓடியவர்கள் அவர்களாகவே இருந்திருப்பார்கள்.

விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. வராதவனையும் வர முடியாதவனையும் பிரித்தறிய ஒருவர் வேண்டும் என்கிறேன். அதற்கு அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கிண்ணங்களும் சான்றிதழ்களும் அலமாரியோடு முடிகிற காரியங்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படிப்புக்கு வெளியே தேசிய, சர்வதேச மட்டங்களில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கற்கைநெறியிலும் 0.5 வீதம் வரை இடம் ஒதுக்குகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வர்ணச் சான்றிதழ். அதைவிட விசித்திரமானது தரம் 1 அனுமதி. அரச பாடசாலைகளில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென்று 25 வீத இடங்கள் உண்டு. அந்தப் பிரிவில் தாயோ தகப்பனோ அதே பாடசாலையில் படித்த காலத்தில் விளையாட்டு முதலான இணைபாடவிதானத்தில் பெற்ற சான்றிதழ்களுக்கும் புள்ளி இருக்கிறது. ஒரு பயிற்றுநர் ஒரு மாலையில் அவசரமாக எழுதிக் கொடுத்த பட்டியல், அன்று பிறந்திராத ஒரு குழந்தை எந்தப் பாடசாலை வாசலில் நிற்கும் என்பதையும் தொட்டுவிடுகிறது. அந்தப் பட்டியலை எழுதுகிறவருக்கு இது நினைவில் இருக்கிறதா?

நினைவைப் பற்றி இன்னொன்று. பருவம் நீளமானது, மனம் கடைசி ஆட்டத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். 2002 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியின் பந்துக்காப்பாளர் ஒலிவர் கான் இறுதிப் போட்டிக்கு வரும்வரை விட்டது ஒரே ஒரு கோல். யோகோஹாமாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்து அவர் கையிலிருந்து நழுவியது, ரொனால்டோ அதை உள்ளே தள்ளினார். பிறகு இன்னொன்றும் அடித்தார். பிரேசில் வென்றது. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து கானுக்குத்தான் போனது. இறுதி ஆட்டம் முடியுமுன்பே வாக்குகள் போடப்பட்டிருந்தன. அந்த விருதைப் பெற்ற ஒரே பந்துக்காப்பாளர் அவர். அது பிழையான விருது, வாக்கெடுப்பு பிந்தியிருந்தால் கிடைத்திராது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. கிடைத்திராது என்பது உண்மையாக இருக்கலாம். பிழை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மாதம் முழுக்க ஒரு நாட்டைத் தோளில் சுமந்து இறுதிவரை கொண்டுவந்தவரின் தகுதியை ஒரு நழுவல் அழித்துவிடாது. வாக்குச்சீட்டு முன்கூட்டியே போடப்பட்டது தற்செயலாக ஒரு நல்ல காரியத்தைச் செய்தது.

பந்துக்காப்பாளர்களுக்கு இந்த உலகம் என்றும் கஞ்சத்தனம்தான். ஐரோப்பாவின் பலோன் டோர் விருது 1956இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதைப் பெற்ற ஒரே பந்துக்காப்பாளர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், 1963இல். கடைசியில் அவர்களுக்கென்று யாஷின் பெயரிலேயே தனி விருது ஒன்றை 2019இல் ஏற்படுத்திவிட்டார்கள். மரியாதைதான். ஆனாலும் பெரிய பந்தியில் இடம் கேட்டவருக்குத் திண்ணையில் தனி இலை போட்டது போலவும் இருக்கிறது. நம் பாடசாலைகளில் 'சிறந்த பந்துக்காப்பாளர்' என்று தனிக் கிண்ணம் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் கிண்ணம் இருக்கிறது என்பதால் பெரிய கிண்ணத்துக்கு அவன் பெயரை யோசிக்காமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மாகாண மட்டத்தில் பெனால்டி தவறவிட்ட பையன் ஒருவன் அந்த ஆண்டு எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவதைப் பலரும் பார்த்திருப்போம். மாசியிலிருந்து அவன் செய்த அத்தனையும் அந்த ஒரு உதையில் கரைந்துவிடும். இதற்கு மருந்து பெரிய காரியம் எதுவும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு உடற்கல்வி ஆசிரியர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், ஒரு சீஆர் கொப்பி வைத்திருப்பார். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் பிறகு அதில் ஒன்றிரண்டு வரிகள். யார் பந்தை இழந்ததும் தானே ஓடிப்போய் மீட்டான், யார் புதிதாக வந்த சின்னப் பிள்ளைக்கு நிற்கிற இடத்தைச் சொல்லிக் கொடுத்தான், யார் நடுவரோடு சண்டைக்குப் போனவனை இழுத்துப் பிடித்தான். கோல்களை அவர் அதில் எழுதவே மாட்டார். அது மற்றவர்கள் எழுதுவார்கள் என்பார். ஆண்டு முடிவில் அந்தக் கொப்பியை ஒருமுறை முழுக்க வாசித்துவிட்டுத்தான் பெயர் எழுதுவார். வாசித்தபிறகு தான் நினைத்திருந்த பெயர் மாறிவிட்ட ஆண்டுகள் உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் நான் கற்றது கொப்பியைவிட, அதனோடு சேர்த்து அவர் செய்தவற்றைத்தான். பருவத்தின் முதல் நாளிலேயே பிள்ளைகளை வட்டமாக இருத்தி, இந்த ஆண்டு தான் எவற்றைப் பார்க்கப்போகிறார் என்று சொல்லிவிடுவார். தன் உறவுக்காரப் பையன் அணியில் இருந்த ஆண்டில், பெயரைத் தெரிவுசெய்வதை உடன் இருந்த இன்னொரு ஆசிரியரிடம் கொப்பியோடு ஒப்படைத்துவிட்டார். பரிசளிப்புக்கு முந்திய கிழமை, பெயருக்கு மிக அருகில் வந்து தவறியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கிண்ணம் தங்களுக்கு இல்லை என்பதை, மேடையில் பெயர் வாசிக்கப்படும்போதுதான் அவர்கள் முதல்முறையாக அறியக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

அப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. கடைசி ஆண்டுப் பையன், நடுப் பின்கள வீரன்.

"தம்பி, இந்த முறை கிண்ணம் உனக்கு இல்லை. ஆருக்கு என்று நாளைக்கு மறுநாள் உனக்கே தெரியும். ஏன் என்று மட்டும் இப்ப சொல்லுறன்."

"சொல்லுங்கோ சேர்."

"மற்றவன் பிழை விட்ட பிறகும் பேச்சை நிறுத்தயில்லை. பின்னால நிண்டு எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நீ ஒரு கோல் விழுந்தால் பத்து நிமிசம் வாய் திறக்கமாட்டாய். ஆட்டத்தில நீ அவனைவிட ஒரு படி மேல. அதையும் கொப்பியில எழுதித்தான் வைச்சிருக்கிறன்."

பையன் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவன் கேட்டது, "கொப்பியை ஒருக்காப் பார்க்கலாமா சேர்?" என்பதுதான். ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். இருவரும் மாமர நிழலில் உட்கார்ந்து, பெப்ரவரிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தது சரியில்லை, அன்று தான் நின்ற இடம் வேறு என்று பையன் வாதாடினான். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வரியை வெட்டித் திருத்தி எழுதினார். முடிவு மாறவில்லை.